தாரை வார்த்த ஜக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே சில வருசம் ஓடிவிட்டது. பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எட்டாவதோடு நின்ற படிப்பு ஒரு காரணம் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மையான காரணம் பயம்தான். என் வீட்டுக்காரருக்கு மகள் கல்யாண மேடையில் சாமி கை கொடுத்தது என்று எங்கள் சொந்தத்தில் ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அப்படி நடக்கவில்லை என்று எழுதினால் சாமியே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். என் வாயால் அப்படி ஒரு பேச்சு வரலாமா?

ஆனால் போன மாதம் உடுமலைப்பேட்டையில் இருந்து ஒரு அம்மா எங்கள் வீடு தேடி வந்தார். அவர் வந்து போன பிறகு இதை எழுதாமல் இருப்பதுதான் பாவம் என்று பட்டது. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மில் வேன் ஓட்டினவர். தொண்டாமுத்தூர் ரோட்டில் எங்கள் வீடு. ஒரு நாள் காலையில் சட்டை போடும்போது வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. வாய் கோணிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரை மீட்டுக்கொண்டு வந்தோம். கால் மெதுவாகத் திரும்பியது. பேச்சும் திரும்பியது, இழுத்து இழுத்து. கைதான் பாதியோடு நின்றது. வலது கை விரல்கள் உள்ளே மடங்கி ஒரு கொக்கி மாதிரி ஆகிவிட்டன. மடக்கத் தெரியும், விரிக்கத் தெரியாது. தோளையும் முழங்கையையும் தூக்குவார். மணிக்கட்டைத் திருப்ப முடியாது. இந்தக் கையின் நிலைமையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருகிற எல்லாமே இதில்தான் இருக்கிறது.

அதுவரைக்கும் நான் எந்தச் சாமானையும் உற்றுப் பார்த்ததில்லை. கை நன்றாக இருக்கிறவர்களுக்குச் சாமான்களின் லட்சணம் தெரியாது. சாமான் செய்கிற தப்பையெல்லாம் கை சத்தமில்லாமல் சரி செய்துகொண்டே இருக்கும். கை போனால்தான் ஒவ்வொன்றின் யோக்கியதையும் வெளியே வருகிறது.

மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கை விளங்காதவருக்குக் கை விளங்க வேண்டும் என்று கொடுக்கிற மாத்திரை. அதை அட்டையில் இருந்து பிதுக்கி எடுக்க இரண்டு கை வேண்டும், இரண்டிலும் பலமான கட்டைவிரல் வேண்டும். அவ்வளவு விரல் இருந்தால் மாத்திரை எதற்கு? ஷாம்பு பாக்கெட்டில் ‘இங்கே கிழிக்கவும்’ என்று அச்சடித்திருப்பார்கள். அங்கே கிழிந்த பாக்கெட்டை நான் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஊரே பல்லால் கடித்துத்தான் கிழிக்கிறது. அச்சடித்தவர் வீட்டிலும் கடித்துத்தான் கிழிப்பார்கள். அவர் குளிக்கிறவராக இருந்தால்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு இடத்துக்கு அவரைக் கூட்டிப்போவேன். கண்ணாடி, குளிர்சாதனம், சுவரெல்லாம் படம். பயிற்சி அறைக் கதவில் பளபளவென்று ஒரு உருண்டைக் குமிழ். அதை முழுக் கையாலும் இறுகப் பிடித்துத் திருகினால்தான் கதவு திறக்கும். கை விளங்காதவர்களுக்கு என்றே கட்டின அறை அது. நான் வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“ஏனுங்க கண்ணு, இந்தக் குமிழ் யாரு வாங்குனதுங்க?”

“இன்டீரியர் பண்ணவங்க மேடம். இம்போர்ட்டட்.”

“அந்த ஊருல மனுசங்களுக்கு வேற மாதிரி கையாட்டம் இருக்குது.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டது. கதவு திறக்கவே சம்பளத்துக்கு ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நீளக் கைப்பிடி வைத்திருந்தால் முழங்கையாலேயே திறந்திருக்கலாம்.

என் கொழுந்தனார், அதாவது அவருடைய தம்பி, டைல்ஸ், குழாய் விற்கிற கடை வைத்திருக்கிறார். நல்ல மனுசர். அண்ணனுக்கு முடியவில்லை என்றதும் பாசத்தில் எங்கள் குளியலறையையே மாற்றிக் கொடுத்தார். பழைய குழாயில் நாலு காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு காதைப் புறங்கையால் தட்டினால் தண்ணீர் வரும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முட்டை மாதிரி வழுவழுவென்று ஒன்றை வைத்தார். சோப்புக் கையோடு அதைத் திருப்ப என்னாலேயே முடியவில்லை.

“லுக் எப்படீங்க அண்ணி?” என்று கேட்டார்.

“பாக்க நல்லாத்தான் இருக்குதுங்க. குளிக்கறதுக்குத்தான் வேற ஊட்டுக்குப் போகோணும்.”

“அண்ணிக்கு எப்பவும் நக்கலு,” என்றார். குழாய் அப்படியேதான் இருந்தது. அவர் போன பிறகு அதன் மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினேன். முட்டைக்குத் தலைப்பாகை கட்டின மாதிரி இருந்தது, ஆனால் திரும்பியது.

எல்லாச் சாமானையும் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒட்டிக்கொள்கிற வேட்டி ஒன்று வந்திருக்கிறதே, கல்யாண வீடுகளில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. வேட்டி கட்டத் தெரியாதவன் கட்டுகிற வேட்டி என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் அதை இழுத்து ஒட்டிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் கோயிலுக்குப் போனார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது பாருங்கள், அதன் வாய் விளிம்பு கொஞ்சம் வெளியே மடிந்திருக்கும். சூடான காபியை அந்த விளிம்பில் பிடித்துத் தூக்கிவிடலாம், விரல் சுடாது. அதைச் செய்தவர் காபி குடித்துப் பார்த்துவிட்டுச் செய்திருக்கிறார். இப்போது வருகிற கண்ணாடிக் கோப்பையைச் செய்தவர் காபியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

எனக்கு ஒன்றுதான் தோன்றும். கையைப் படைத்த சாமி பார்த்துப் பார்த்துப் படைத்திருக்கிறது. எந்த விரல் எங்கே மடங்க வேண்டும், கட்டைவிரல் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவ்வளவு யோசனை. பாத்திரம் செய்கிறவர் அந்தக் கையை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டாமா? பார்க்காமல் செய்கிறதை நான் சாமி காரியத்தில் குறை வைக்கிறதாகத்தான் நினைக்கிறேன்.

இப்படி இருக்கும்போது மகளுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் இடம் அமைந்தது. எங்கள் வகையறாவில் பெண்ணைக் கொடுக்கும்போது அப்பாதான் தாரை வார்க்க வேண்டும். பெண் கையையும் மாப்பிள்ளை கையையும் சேர்த்துப் பிடிக்க, அதன் மேல் பெண்ணைப் பெற்றவர் வலது கையால் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார். பூசாரி வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தண்ணீர் அறுபடக் கூடாது. நடுவில் அறுந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். இடது கையால் தாங்கலாம், ஊற்றக் கூடாது.

என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் மத்தியானத்தில் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகில் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஊற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். சொம்பின் கழுத்தைப் பிடிக்க விரல் விரிய வேண்டும். அவருக்கு விரியாது. இடது கையால் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொம்பைச் செருகுவார். தூக்குவார். நழுவிக் கல்லில் விழும். குனிந்து எடுப்பார். பித்தளைச் சொம்பு, சுற்றிலும் நசுங்கிப்போயிற்று. துணி காயப்போட வந்த மாதிரி நின்றுவிட்டுப் போய்விடுவேன்.

விசயம் கொழுந்தனார் காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க அண்ணி, அண்ணன் எதுக்குங்க சிரமப்படோணும்? நான் ஊத்திப்போடறேன். ரண்டு நிமிச வேலை.”

“நீங்க ஊத்துனா நல்லாத்தானுங்க இருக்கும். ஆனா பொண்ணைப் பெத்தது அவருங்க.”

“செரி, அப்ப ஒண்ணு பண்ணலாம். நீங்க சொம்பைப் புடிச்சு ஊத்துங்க. அண்ணன் கையை மேல சும்மா வெச்சுட்டு நிக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?”

என் வீட்டுக்காரர் அதுவரை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, இழுத்து இழுத்துச் சொன்னார்.

“நானென்ன... கொலுப் பொம்மையா?”

கொழுந்தனார் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அந்தத் தண்ணீரை அவர் ஊற்றாவிட்டால், அந்தக் கல்யாணத்தில் அவருக்கு வேறு இடமே இல்லை. மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

பாத்திரம் தேட ஆரம்பித்தேன். டவுனில் ஒரு கடையில் கெண்டி காட்டினார்கள். மூக்கும் கைப்பிடியும் இருக்கிற பூசைக் கெண்டி, மயில் வேலைப்பாடு. கைப்பிடி என்று பெயர்தான், ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லை. கிளி வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம்.

“இதுல தண்ணி ஊத்த முடியுமாங்க?” என்றேன்.

“ஊத்தறதுக்கு இல்லீங்கம்மா. இது ஷோவுக்கு.”

கெண்டி ஊற்றுவதற்கு இல்லையாம். நாளைக்கு விளக்கு எரிவதற்கு இல்லை என்பார்கள், கூடை போடுவதற்கு இல்லை என்பார்கள். எல்லாம் ஷோவுக்கு. வீட்டில் பாத்ரூம் மக் ஒன்று கண்ணில் பட்டது. நல்ல கைப்பிடிதான். ஆனால் அதில் மகளைத் தாரை வார்க்க எனக்கு மனசு வரவில்லை.

வழி கிடைத்தது எங்கள் தெருமுனை முருகன் கோயிலில். கிருத்திகை தவறாமல் அங்கே அன்னதானம் நடக்கும். உடம்பு நன்றாக இருந்தபோது என் வீட்டுக்காரர் அங்கே பந்தியில் தண்ணீர் ஊற்றுவார். அவருக்கு அதில் ஒரு சந்தோசம். முடியாமல் போன பிறகு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதோடு சரி. அந்த மாதக் கிருத்திகையில் பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் ஊற்றுகிறவர் ஜக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தார். என் வீட்டுக்காரர் பழைய பழக்கத்தில் வலது கையை நீட்டி ஜக்கைத் தூக்கி, அந்த மனுசர் டம்ளரில் ஊற்றிவிட்டார். ஒரு சொட்டு இலையில் சிந்தவில்லை. ஊற்றி வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எதிர் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் போய் அந்த ஜக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாக் கல்யாண மண்டபத்திலும் இருக்கிற எவர்சில்வர் ஜக்குதான். கைப்பிடி பெரியது, நாலு விரலும் தாராளமாக உள்ளே போகும். அதற்கு விரலை விரிக்க வேண்டியதில்லை, மடக்கி மாட்டினால் போதும். கொக்கி மாதிரி நிற்கிற விரலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கைப்பிடிப் பட்டை அகலமாக இருந்ததால் விரலை அறுக்கவில்லை. வாயில் ஒரு மூக்கு. மணிக்கட்டைத் திருப்பக்கூட வேண்டாம், முழங்கையைத் தூக்கினால் ஜக்கு தானாகச் சாய்ந்து மூக்கு வழியாக ஒரே ஒழுக்காக ஊற்றும். பந்தி முழுக்கக் குனிந்து குனிந்து ஊற்றுகிற ஆளுக்குக் கை வலிக்கக் கூடாது, சாப்பிடுகிறவர் இலையில் சிந்தக் கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர் பெயரை ஜக்கில் போடவில்லை. மயிலும் போடவில்லை.

அதே மாதிரி ஒன்று புதிதாக வாங்கிவந்து சீயக்காய் போட்டுக் கழுவிச் சாமி முன்னால் வைத்தேன். என் வீட்டுக்காரர் பின்பக்கக் கல்லில் ஊற்றிப் பழகினார். சத்தம் மாறிப்போயிற்று. பாத்திரம் விழுகிற சத்தம் நின்று, தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது.

அதோடு முடிந்திருக்கலாம். சொந்தக்காரர்கள் விடுவார்களா? கை விளங்காதவர் தாரை வார்த்து நடுவில் அறுந்துவிட்டால் பெண் வாழ்க்கை என்னாவது என்று பேச்சு கிளம்பியது. எங்கள் குலதெய்வ அம்மனிடம் பூ கேட்டுவிடலாம் என்றார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதையும் பூ கேட்காமல் செய்வதில்லை. குலதெய்வத்தின் தலையில் பூ வைத்து மனசுக்குள் கேட்க வேண்டும். வலது பக்கம் விழுந்தால் உத்தரவு, இடது பக்கம் விழுந்தால் இல்லை.

அம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி பூ வைத்தார். நான் கேட்டது இதுதான்: தாயே, பெத்தவரே ஊத்தலாமா? கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் வலது பக்கம் பூ விழுந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் விழுந்து கும்பிட்டேன்.

எழுந்து நிற்பதற்குள் கொழுந்தனார் ஆரம்பித்துவிட்டார்.

“அம்மனே உத்தரவு குடுத்துருச்சுங்க அண்ணி. இனி அந்தப் பந்தி ஜக்கு எதுக்குங்க? டெக்கரேசன்காரங்க நல்ல சொம்பாக் கொண்டாராங்க. எதுல ஊத்துனா என்ன, ஊத்த வெக்கறது ஆத்தாதானுங்க.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எங்கள் ஆட்களால் மட்டும்தான் இப்படி யோசிக்க முடியும். சாமி சரியென்று சொல்லிவிட்டால் அதோடு நம் வேலை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொள்வது.

“பயிர் வெக்கறதுக்கும்தான் பூ கேக்கறோமுங்க,” என்றேன். “பூ உளுந்துருச்சுன்னு தண்ணி கட்டாம ஊட்டுல படுத்துக்கறீங்களா?”

“அதும் இதும் ஒண்ணாகுமுங்களா? என்னங்க அண்ணி இப்படிப் பேசறீங்க, கோயல்ல நின்னுட்டு.”

“கோயல்ல நிக்கறதுனாலதானுங்க நெசத்தைப் பேசறேன்.”

பூசாரியைப் பார்த்தேன். அவர் விபூதித் தட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார். “ஜக்கு வழக்கத்துல இல்லீங்க. கூடாதுன்னும் யாரும் சொன்னதில்லீங்க,” என்று இரண்டு பக்கமும் போகிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணம் எங்கள் ரோட்டில் இருக்கிற ஒரு மண்டபத்தில். அலங்காரத்துக்கு ஆள் வைத்தது கொழுந்தனார். கறுப்புச் சட்டை, காதில் ஒரு ஒயர், கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் எல்லாரையும் மேய்த்துக்கொண்டிருந்தான். நாற்காலிக்கெல்லாம் முதுகில் ரிப்பன் கட்டியிருந்தார்கள், சாய்ந்தால் முடிச்சு குத்தியது. மேடைப் படியில் வழுக்குகிற விரிப்பு. கிழவர்கள் எல்லாம் பக்கத்து ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அந்தப் பையன் தாரை வார்க்கிற சொம்பைக் காட்டினான். சுற்றிலும் கல், முத்து, கண்ணாடித் துண்டு, கழுத்தில் ஜரிகைக் கயிறு. கையில் வாங்கினேன். குத்தியது. அடிப்பக்கத்திலும் கல் ஒட்டியிருந்ததால் மேசையில் வைத்தால் ஆடிற்று. உட்காரக்கூடத் தெரியாத சொம்பு.

“தம்பி, தாரை வாக்கறது இந்த ஜக்குலங்க,” என்று எங்கள் ஜக்கைக் கொடுத்தேன்.

“மேடம், இது ஃபிரேம்ல வந்தா தீம் அடிபடும்.”

“என்ன தீம் தம்பி?”

“டெம்பிள் தீம் மேடம்.”

“கோயல்ல பாத்து வாங்குனதுதானுங்க இது.”

அவன் சிரித்தான். சரிங்க மேடம் என்று வாங்கி வைத்துக்கொண்டான். நானும் நம்பி மகளுக்குப் பூ வைக்கப் போய்விட்டேன்.

முகூர்த்த நேரம். மகள் கையும் மாப்பிள்ளை கையும் சேர்ந்தாயிற்று. பூசாரி ஆரம்பிக்கப் போகிறார். திரும்பிப் பார்க்கிறேன், ஜக்கைக் காணோம். கல் வைத்த சொம்புதான் தட்டில் இருக்கிறது.

“அது எங்கீங்க தம்பி?”

“டைனிங்ல ஜக்கு பத்தலைன்னாங்க மேடம். கீழ அனுப்பிட்டேன்.”

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். கல்யாணப் பெண்ணின் அம்மா மேடையை விட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுவதை ஊரே பார்த்தது. அங்கே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. வரிசையாக ஜக்குகள், எல்லாம் ஒரே அச்சு. எது எங்களுடையது என்று தெரியவில்லை. எல்லாமே பந்திக்குள் போய் வந்தவை. எச்சில் இலைகளுக்கு நடுவில் புழங்கின பாத்திரத்தைச் சாமி காரியத்துக்கு எடுக்கலாமா என்று எனக்குள் ஒரு நடுக்கம். என் வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை. ஒன்றை எடுத்தேன். கை கழுவுகிற இடத்தில் திரும்பத் திரும்பக் கழுவினேன். தாயே, கழுவிட்டேன், ஏத்துக்கோ என்று சொல்லிக்கொண்டே நல்ல தண்ணீர் பிடித்தேன். ஊற்றலாம் என்று உத்தரவு கொடுத்தவள் அவள். ஊற்ற முடிகிற பாத்திரத்தை வேண்டாம் என்பாளா?

மேலே வந்தால், அதற்குள் சொம்பை அவர் கையில் திணித்துவிட்டார்கள். விரலுக்கும் சொம்புக்கும் பொருந்தவில்லை. சொம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டி மகள் சேலை நனைந்துவிட்டது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கொழுந்தனார் கை சொம்பைப் பிடிக்க நீண்டுவிட்டது. பூசாரி வார்த்தையை ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

“அம்மா வரட்டுங்க,” என்று மகள் சொன்னாள். தலை குனிந்தபடியேதான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. “எங்கப்பா ஊத்துவாருங்க. கொஞ்சம் பொறுங்க.”

நான் போய்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன். அது சாய்ந்து உருண்டது, உருளட்டும் என்று விட்டுவிட்டேன். ஜக்கில் மஞ்சளைக் கரைத்து அவர் விரலில் மாட்டினேன். மாட்டினதும் அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. முழங்கையைத் தூக்கினார். தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கி இரண்டு பேர் கையிலும் விழுந்தது. பூசாரி வார்த்தையைச் சொல்லச் சொல்ல விழுந்துகொண்டே இருந்தது. முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஊற்றினார். போதுமுங்க என்று பூசாரிதான் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவுதான் நடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கதை மாறிவிட்டது. சொம்பை வைத்துக்கொண்டு தடுமாறினாராம், சம்சாரம் ஓடிப்போய் அம்மனை வேண்டிக்கொண்டு வந்து கையைத் தொட்டாளாம், அந்த நிமிசமே கை விளங்கிவிட்டதாம். நான் எங்கே ஓடினேன் என்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியும். சாம்பார் விட்டுக்கொண்டே அவர்களும் அதையே சொன்னார்கள்.

“கை விளங்கலீங்க, ஜக்கு மாத்துனோமுங்க,” என்றால், “ஆத்தா காரியத்தை அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுங்க அம்மணி,” என்று என் வாயை அடைத்தார்கள். ஊற்றி முடித்த அதே கையால் அவர் பாயசக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் இடது கையால் குடித்துக்கொண்டிருந்தார். அதை யாரும் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அது ஒரு தனி வேடிக்கை. சூட்கேஸ் மாதிரி பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, திறந்தால் விளக்கு எரிகிறது. உள்ளே இருக்கிற புத்தகத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மகளைப் பெற்றவர் மகள் கல்யாணப் படத்தைத் தனியாகப் பார்க்க முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன். தாரை வார்க்கிற படம் வந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். படத்தில் ஜக்கு இல்லை. தங்கச் சொம்பு இருந்தது.

படம் எடுத்தவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “அந்த ஜக்கு பாக்க நல்லால்லைங்கம்மா, அதான் நாங்களே மாத்திக் குடுத்துட்டோம்,” என்றார்கள், உபகாரம் செய்த குரலில்.

ஆனால் கையை மாற்ற மறந்துவிட்டார்கள். அவர் விரல்கள் கைப்பிடியில் மாட்டினபடியே வளைந்து நிற்கின்றன. கைப்பிடிதான் இல்லை. சொம்பு விரலில் படாமல் ஒரு பக்கம் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எனக்கே... தெரியாம... ஏமாத்திப்போட்டாங்க பாரு அம்மணி,” என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு அவர் திறக்கச் சொன்னதில்லை.

அந்தப் படம்தான் இப்போது சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் ஓடுகிறது. பாருங்க, சொம்பு கையில ஒட்டாமயே நிக்குது, ஆத்தா புடிச்சிருக்கறா என்று கூடவே ஒரு வரி.

உடுமலைப்பேட்டை அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி கை போய்விட்டதாம். எந்தக் கோயில், என்ன வேண்டுதல் என்று கேட்டார். நான் அவரை உட்கார வைத்து, எங்களுடையதற்குப் பதிலாக மண்டபத்தில் இருந்து வந்த ஜக்கை எடுத்துவந்து காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் ஜக்கைத் தொடக்கூட இல்லை. முகம் வாடிவிட்டது.

“சொல்ல விருப்பமில்லீன்னா உடுங்கம்மா,” என்றார். “நாங்களும் சொம்புலதான் தண்ணி குடுத்துப் பழக்கறோமுங்க. தெனமும் கொட்டிக்கறாரு. நம்பிக்கை பத்தலைன்னு திட்டறேன், அளுகறாரு.”

கை விளங்காத மனுசரிடம் நம்பிக்கை பத்தவில்லை என்று திட்டுகிறார்கள். ஒரு கைப்பிடி பத்தவில்லை என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது. அந்த அம்மா போகும்போது ஜக்கை அவர் பைக்குள் நானே திணித்து அனுப்பினேன். வீட்டுக்குப் போய் அவர் அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாரா, பரணில் போட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அம்மன் மேல் இருக்கிற நம்பிக்கை இம்மியும் குறையவில்லை. முன்னே பின்னே தெரியாத ஒருவருக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற கையை நினைத்துப் பார்க்கிற புத்தியைக் கொடுத்தது அவள்தான் என்று நான் நம்புகிறேன். அந்தப் புத்தியை மறைத்துவிட்டு அதன் மேல் தங்கச் சொம்பை ஒட்டுகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போதும் கிருத்திகைக்கு என் வீட்டுக்காரர் ஒட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். ஒரு வரிசைக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். கை அப்படியேதான் இருக்கிறது, விளங்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு கை இருந்தால் இதைப் போய்ச் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி கூட்டிச் சொல்ல வேண்டாம், அந்தப் படம் எடுத்தவர்கள் மாதிரி மாற்றவும் வேண்டாம். பந்தியில் இருந்து எடுத்த ஜக்கு என்றே சொல்லுங்கள். எவர்சில்வர் என்றே சொல்லுங்கள். நாலு விரல் நுழைகிற கைப்பிடி என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.